பதிப்பும் பாடபேதமும்: ‘ஸ்ரீற் பைற்றர்’ விளையாட்டுத் தொடர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யப்பானின் ஒசாக்கா நகரைத் தளமாகக் கொண்ட கப்கொம் நிறுவனம் 1987 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ‘ஸ்ரீற் பைற்றர்’ என்னும் பெயரில் நாணயமிட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பொறியொன்றை வெளியிட்டது. திரையில் இருவர் எதிரெதிர் நின்று கையாலும் காலாலும் பொருதும் விளையாட்டு அது. வெளிவந்த காலத்தில் அது பெருமதிப்புப் பெற்றதெனக் கூறுவதற்கில்லை. எனினும், அதன் வழிவந்த தொடர் 2023 இல் ஆறாம் பாகத்தை எட்டியதுடன், ஐந்து கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையான ஒன்றாகவும் வளர்ந்துள்ளது. இத்தகைய பொருள் ஆய்வுக்கு உரியதாகுமா என்ற வினா சிலரிடம் எழுதல் இயல்பே. கூத்தும் நாட்டார் பாடலும் ஒரு காலத்தில் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தன என்பதை நினைவுகூர்வார்க்கு அவ்வினா பெரிதாகத் தோன்றாது.

இத்தொடர் பற்றி இதுவரை எழுதப்பட்ட வரலாறுகளிற் பல, எந்த ஆண்டில் எந்தப் பாகம் வெளிவந்தது, அதிற் புதிதாகச் சேர்ந்த வீரர் யாவர் என்னும் பட்டியல்களாகவே அமைகின்றன. அவற்றைப் படிப்பவர், ஒரு நிறுவனம் தன் அறிவினாலேயே ஒன்றை மற்றொன்றாக வளர்த்துச் சென்றது என்ற முடிவுக்கு வருதல் தவிர்க்க முடியாதது. சான்றுகளை நெருங்கி நோக்குமிடத்து இம்முடிவு பொருந்துவதாய் இல்லை. தவறுகளும் திருட்டுப் பிரதிகளும் மொழிபெயர்ப்புப் பிழைகளும் வதந்திகளும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆடுவோரின் இடைவிடாத பழக்கமும் இத்தொடரை உருவாக்கியதிற் பெற்ற பங்கு நிறுவனத்தாரின் பங்கினும் குறைந்ததன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

முதற்பாகத்துக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1984 இல் வெளிவந்த ‘கராத்தே சம்ப்’ இரு கைப்பிடிகளைக் கொண்டு இருவர் பொருதும் முறையை நிலைநிறுத்தியிருந்தது. அதே ஆண்டில் ஐரெம் நிறுவனத்துக்காக ‘குங்-பூ மாஸ்ரர்’ என்னும் விளையாட்டை அமைத்த தக்காஷி நிஷியாமா என்பவரே பின்னர் கப்கொமுக்கு வந்து, ஹிரோஷி மற்சுமொட்டோவுடன் சேர்ந்து ‘ஸ்ரீற் பைற்றரை’ ஆக்கினார். முதற்பாகத்தின் பெரிய வடிவப் பொறியில் பொத்தான்களுக்குப் பதிலாக இரு இறப்பர் மெத்தைகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றை ஆடுபவர் எவ்வளவு வலுவுடன் குத்துகிறாரோ, அவ்வளவு வலுவுடன் திரையில் உள்ள வீரனும் குத்துவான். எண்ணம் அழகியதே, ஆனால் கைகளும் நொந்தன, பொறிகளும் பழுதுற்றன. விரைவில் அவற்றினிடத்தை ஆறு பொத்தான்கள் கொண்ட எளிய பொறி பிடித்துக்கொண்டது: மென்மை, நடுத்தரம், வன்மை எனக் குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. மெத்தை தோற்றதன் விளைவாக வந்த இவ்வாறு பொத்தான் அமைப்பே பின்னர் இத்தொடரின் இலக்கணமாயிற்று.

முதற்பாகம் விட்டுச்சென்ற மற்றொரு சொத்து மறைபொருளாய் அமைந்த மூன்று தாக்குதல்களாகும். கைப்பிடியைக் கீழே அழுத்தி, மூலைவழியே முன்னோக்கித் திருப்பி, அதேகணத்திற் குத்துப் பொத்தானை அமுக்கினால் வீரனின் உள்ளங்கைகளிலிருந்து ஒளியுருண்டை ஒன்று பாயும். இது எவ்விடத்தும் விளக்கப்படவில்லை. செய்துபார்த்தவர்க்கும் பலமுறை முயன்றாற் சிலமுறை வாய்க்குமளவுக்கு அது கடினமாயிருந்தது. ஒருவர் கண்டதை மற்றொருவர் அருகில் நின்று பார்த்து அறிந்தனர். நூல்வழியன்றிக் கண்வழியும் செவிவழியும் பரவும் கல்வி ஒன்று விளையாட்டு நிலையங்களில் இவ்வாறு உருவாயிற்று.

நிஷியாமாவும் மற்சுமொட்டோவும் கப்கொமை விட்டு எஸ்.என்.கே. நிறுவனத்துக்குச் சென்றபின், அடுத்த பாகத்துக்கான பணி யொஷிக்கி ஒக்கமோட்டோவின் மேற்பார்வைக்குள் வந்தது. முதலில் ‘ஸ்ரீற் பைற்றர் 89’ எனப் பெயர்சூட்டப்பட்டிருந்த ஆக்கம் உள்ளடக்கத்தில் வேறாயிருந்தமையால் ‘பைனல் பைற்’ என்ற பெயரில் 1989 இல் வெளிவந்தது. உண்மையான இரண்டாம் பாகம் அக்கிரா நிஷித்தானி, அக்கிரா யசுதா ஆகியோரின் வடிவமைப்பிலும், யோக்கோ ஷிமொமுறாவைப் பிரதான இசையமைப்பாளராகக் கொண்டும் 1991 இல் வெளியாயிற்று. இவ்வகை விளையாட்டுகளின் வரலாற்றை 1991 க்கு முன், 1991 க்குப் பின் எனப் பிரிப்பது மிகையாகாது.

முதற்பாகத்தில் ரியூ என்னும் வீரனையும், இரண்டாமவர் ஆடின் அவன் தோழன் கென்னையும் மட்டுமே ஆட்டுவிக்க முடிந்தது. இரண்டாம் பாகத்தில் எண்மருள் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஆடுவோர்க்குக் கிடைத்தது. யப்பானிய மல்லன், அமெரிக்கப் படைவீரன், ரஷ்ய மல்லன், பிரேசில் நாட்டுக் காட்டுமனிதன், சீனப் பெண் காவலதிகாரி என்றவாறு அவ்வெண்மரும் நடையிலும் வீச்சிலும் விரைவிலும் ஒருவரையொருவர் ஒவ்வாதவர்கள். சன்-லி என்னும் அச்சீனப் பெண் இத்தொடரில் ஆடத்தக்க முதற் பெண்பாத்திரமாவாள். இங்கு முக்கியமானது எண்ணிக்கையன்று. ஒருவரை மற்றொருவருக்கு எதிராக நிறுத்தும்போது ஒவ்வோர் இணைக்கும் தனித்தனி உத்தி தேவைப்பட்டமையே. தூரத்தில் நின்று எறிபவனை நெருங்கிப் பிடிப்பவன் எவ்வாறு அணுகுவது என்ற ஒரே வினாவை வைத்துக்கொண்டு மாதக்கணக்காக வாதிட்டோர் உளர். கணினியோடு மோதிய தனியாள் விளையாட்டு, அருகில் நிற்கும் அந்நியனோடு மோதும் சமூக விளையாட்டாக மாறியது.

இப்பாகத்தின் மிகப்பெரிய கண்டுபிடிப்பு எவரும் திட்டமிடாத ஒன்றாகும். விளையாட்டின் இடையே மோட்டார்க் கார் ஒன்றை அடித்து நொறுக்கும் கட்டமொன்று உண்டு. அதனைப் பரிசோதித்துக்கொண்டிருந்த நொறித்தக்கா புனமிசு, ஒரு குத்தின் அசைவு முடிவதற்குள் மற்றொன்றைத் தொடங்கினால் இரண்டும் இடைவெளியின்றி விழுவதைக் கண்டார். இது நிரலிலிருந்த வழு. திருத்துவதற்குரியதே, ஆயினும் பொதுவாக ஆடுவோர்க்குப் பயன்படாத அளவுக்கு அதன் கால அளவை நுண்ணியதெனக் கருதி அதனை அப்படியே விட்டுவிட்டனர். ஆடுவோர் விடவில்லை. அடிகளைத் தொடுத்து எதிராளியை மீளவிடாது தாக்கும் ‘கொம்போ’ என்னும் முறை இவ்வழுவின் வழியே பிறந்து, இன்று இவ்வகை விளையாட்டுகள் அனைத்துக்கும் அடிப்படையாகியுள்ளது. வழக்கிற் பயின்றதனால் வழுவென விலக்காது ஏற்றுக்கொள்ளும் நெறியைத் தமிழ் இலக்கணகாரர் வழுவமைதி என்பர். அச்சொல்லை இங்கு ஆளுதல் முற்றும் பொருத்தமுடையது.

பெயர்களின் வரலாறும் கவனிக்கத்தக்கது. யப்பானியப் பதிப்பிற் குத்துச்சண்டை வீரனின் பெயர் மைக் பைசன். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மைக் ரைசனின் சாயல் உருவத்திலும் பெயரிலும் வெளிப்படையாயிருந்தமையால், வழக்கு நேரக்கூடும் என அஞ்சி வெளிநாட்டுப் பதிப்பிற் பெயர்களை மாற்ற நேர்ந்தது. குத்துச்சண்டைக்காரன் பல்றொக் ஆனான். ஸ்பானிய வீரன் வேகா ஆனான். தலைமைப் பகைவன் பைசன் ஆனான். மூன்று பெயர்கள் மூன்று உடல்களுக்கிடையே சுழன்றன. இன்றும் இருநாட்டு ஆட்டக்காரர் சந்திக்கும்போது குழப்பம் தவிர்ப்பதற்காகப் பெயரை விடுத்துக் ‘குத்துச்சண்டைக்காரன்’, ‘நகக்காரன்’, ‘சர்வாதிகாரி’ எனக் காரணப்பெயரால் வழங்குகின்றனர்.

இதனினும் சுவையானது ‘ஷெங் லொங்’ கதை. ரியூ வென்றபின் கூறும் வாசகமொன்றில் ‘ஷோறியூக்கென்’ என்ற தாக்குதலின் பெயர் வருகின்றது. எழும் நாகத்தின் குத்து என்பது அதன் பொருள். அதனை ஆங்கிலமாக்கியவர் அப்பெயரின் சீன எழுத்துகளைச் சீன உச்சரிப்பிற் படித்து, ஷெங் லொங் என்னும் ஆளின் பெயராக்கிவிட்டார். யார் இந்த ஷெங் லொங் என அமெரிக்க இளைஞர் தேடத் தொடங்கினர். ரியூவின் குருவாயிருக்கலாம் என ஊகித்தனர். 1992 ஏப்ரலில் அமெரிக்க விளையாட்டிதழ் ஒன்று, முட்டாள்கள் தினக் குறும்பாக, அவரை எதிர்கொள்வதற்கான மிகக் கடினமான நிபந்தனைகளை வெளியிட்டது. நம்பியோர் எத்தனையோ நாணயங்களை இழந்தனர். விந்தை அதன்பின்னரே நிகழ்ந்தது. 1994 இல் வெளிவந்த பதிப்பில், அக்குறும்பிற் கூறப்பட்டதை ஒத்த முறையில், கடின நிபந்தனைகளை நிறைவேற்றியோர்க்கு மட்டும் தோன்றும் மறைவான வீரனாக அக்கூமா என்பவன் சேர்க்கப்பட்டான். நான்காம் பாகத்தில் ரியூவின் குரு கோக்கென் தாமே களமிறங்கினார். மொழிபெயர்ப்புப் பிழை ஆளாகி, ஆள் வதந்தியாகி, வதந்தி மூலத்துக்குள் நுழைந்து இடம்பெற்ற இந்நிகழ்வு, இடைச்செருகல்கள் எவ்வாறு தோன்றி நிலைபெறுகின்றன என ஆராய்வோர்க்கு அண்மைக்காலச் சான்றாக அமையவல்லது.

எண்மருள் ஒருவன் இந்தியன் என்பதனால் அவனைப்பற்றிச் சிறிது கூறுதல் நம் கடமையாகின்றது. தல்சிம் என்னும் அவன் யோகி. கைகால்களை நீட்டித் தாக்குவான். வாயினின்று நெருப்பை உமிழ்வான். கழுத்தில் மண்டையோட்டு மாலை அணிவான். அவனுடைய களத்தில் யானைகள் இருமருங்கும் நின்று பிளிறும். பின்சுவரில் விநாயகர் உருவம் தோன்றும். 1976 இல் வெளியான ஒரு சீனமொழிக் குங்-பூத் திரைப்படத்திற் கைகள் நீளும் இந்திய யோகியொருவன் வருவதைப் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். அவ்வாறாயின், இந்தியாவை நேரிற் காணாத ஒரு கற்பனையை மற்றொரு கற்பனை வழிமொழிந்துள்ளது எனலாம். யோகத்தைப் பற்றி மேற்குலகம் மட்டுமன்றிக் கீழ்த்திசை நாடுகளும் கட்டிய கற்பிதம் எத்தகையது என்பதற்கு இவ்வுருவம் நல்ல எடுத்துக்காட்டு. அதேவேளை, இவன் போரை வெறுப்பவன் எனவும், வறிய தன் ஊருக்குப் பொருளீட்டவே களம்புகுகின்றான் எனவும் கதை கூறுகின்றது. வெற்றிக்காகவும் பழிக்காகவும் போரிடும் பலரிடையே இத்தகைய காரணமுடையவனாக அவனைப் படைத்தமையை முற்றாக ஏளனம் என ஒதுக்கிவிடவும் மனம் ஒப்பவில்லை. ஐந்தாம் பாகத்தில் அவனுக்குத் தாடியும் தலைப்பாகையும் அமைந்தன. கற்பிதம் சற்றே முதுமையடைந்ததேயன்றி மாறியதாகத் தெரியவில்லை.

1991 இலிருந்து 1994 வரை இரண்டாம் பாகமே ஐந்து பதிப்புகளைக் கண்டது. நிறுவனத்தின் பேராசையே இதற்குக் காரணம் என அக்காலத்திலேயே எள்ளி நகையாடியோர் பலர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மூன்றாம் பதிப்பு பிறந்த கதை வேறு. 1992 இன் ‘சம்பியன்’ பதிப்பு, இருவரும் ஒரே வீரனைத் தெரிவுசெய்யவும், பகைவர் நால்வரையும் ஆட்டுவிக்கவும் இடமளித்தது. அதனைக் கள்ளத்தனமாகத் திருத்திய பிரதிகள், ‘வானவில்’ பதிப்பு என்ற பெயரில், அமெரிக்காவில் விரைந்து பரவின. அவற்றில் வீரர் வானிற் பறந்தபடியே ஒளியுருண்டைகளை எறிந்தனர். ஆட்டத்தின் நடுவே ஒருவர் மற்றொருவராக உருமாறினர். எல்லாம் பேய்வேகத்தில் நிகழ்ந்தன. ஒழுங்கற்ற அவ்விளையாட்டைச் சுவைத்தோர்க்கு மூலம் மந்தமாகத் தோன்றியது. அமெரிக்கக் கிளையினர் இதனை ஒசாக்காவுக்கு உணர்த்தியதன் பயனாக, வேகம் மிகுந்த ‘ஹைப்பர் பைற்றிங்’ பதிப்பு 1992 டிசெம்பரில் வெளிவந்தது. கள்ளப் பிரதியின் பாடத்தை மூல ஆசிரியரே ஓரளவு ஏற்றுக்கொண்டமை பதிப்பு வரலாறுகளில் அரிதாகக் காணப்படும் நிகழ்ச்சியாகும்.

அதே ஆண்டு யூன் மாதத்தில் யப்பானிலும், அதனைத் தொடர்ந்து ஏனைய நாடுகளிலும் நின்ரெண்டோவின் வீட்டுப் பொறிக்கான வடிவம் வெளியாகி 63 இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. இலாபம் கண்ட இடத்திற் போலிகளும் போட்டியாளரும் திரள்வது இயல்பு. டேற்றா ஈஸ்ற் நிறுவனத்தின் ‘பைற்றர்ஸ் ஹிஸ்ரரி’ தன் ஆக்கத்தின் நகலே எனக் கப்கொம் அமெரிக்க நீதிமன்றை நாடியது. 1994 இல் நீதிமன்றம் தடையுத்தரவு வழங்க மறுத்தது. குத்தும் உதையும் தற்காப்புக் கலைகளின் பொதுச்சொத்து; அவற்றுக்கு ஒருவர் உரிமை கோரல் இயலாது என்பது அம்முடிவின் சாரம். இதிலொரு முரண் உண்டு. ‘கராத்தே சம்ப்’ விளையாட்டை வெளியிட்ட அதே டேற்றா ஈஸ்ற், தன்னைப் போலிசெய்ததாக எபிக்ஸ் என்னும் நிறுவனத்தின்மீது வழக்கிட்டு, 1988 இல் மேன்முறையீட்டு நீதிமன்றில் ஏறத்தாழ இதே நியாயத்தாலேயே தோற்றிருந்தது. அன்று தன்னை வீழ்த்திய நியாயம் பின்னாளில் தன்னைக் காத்தது. இத்தீர்ப்பு மாறி அமைந்திருப்பின், சண்டை விளையாட்டு என்னும் வகை ஒரு நிறுவனத்தின் தனியுடைமையாகச் சுருங்கியிருக்கும். ‘மோட்டல் கொம்பற்’ (1992), ‘வேர்ச்சுவா பைற்றர்’ (1993), ‘ரெக்கன்’ (1994) முதலியன ஒவ்வொன்றும் தத்தம் வழியிற் செழித்தமைக்கு இத்தகைய திறந்த வெளியும் ஒரு காரணமாகும்.

1995 இல் தொடங்கிய ‘அல்பா’ வரிசை, முதலிரு பாகங்களுக்கும் இடைப்பட்ட காலத்துக் கதையைக் கூறுவது. யப்பானிய உயிர்ப்போவியங்களின் சாயலில் வரையப்பட்டது. முப்பரிமாண முயற்சியான ‘ஈ.எக்ஸ்.’ வரிசையும், அமெரிக்கப் படக்கதை வீரரோடு மோதும் கலப்பு ஆக்கங்களும் அக்காலத்தனவே. 1994 இன் ஹொலிவூட் திரைப்படம் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் பாகம் தனியே நோக்கத்தக்கது. 1997 இல் வெளிவந்த இதன் முதற்பதிப்பில் ரியூ, கென் இருவரைத் தவிரப் பழைய வீரர் எவரும் இடம்பெறவில்லை. உலகம் முப்பரிமாணத்தை நோக்கி ஓடிய வேளையில், கையால் வரைந்த ஓவியங்களை முன்னெப்போதும் இல்லாத செறிவுடன் அசையவைத்த ஆக்கம் அது. விற்பனையில் அது சிறக்கவில்லை. 1999 இன் ‘தேட் ஸ்ரைக்’ பதிப்புடன் பிரதான வரிசை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உறங்கியது. ஆயினும், எதிராளியின் அடி படும் கணத்திற் கைப்பிடியை அவனை நோக்கித் தட்டினால் அவ்வடி செயலற்றுப்போகும் ‘பரி’ என்னும் முறை இப்பாகத்தின் கொடையாகும். பின்வாங்கித் தடுப்பதே தற்காப்பு என்றிருந்த விளையாட்டில், முன்சென்று தடுப்பதைப் புகுத்தியது இது.

நிறுவனம் கைவிட்ட அக்காலத்தில் விளையாட்டை உயிரோடு வைத்திருந்தோர் ஆட்டக்காரரே. 1996 இற் கலிபோர்னியாவிற் சிறு சந்திப்பாகத் தொடங்கிய போட்டி பின்னர் ‘ஈவோ’ என்னும் ஆண்டுவிழாவாயிற்று. 2004 இல் அங்கு நிகழ்ந்த ஓர் ஆட்டத்தில் யப்பானியர் டைகோ உமெஹறாவின் வீரனுக்கு உயிர் மயிரிழையில் எஞ்சியிருந்தது. தடுத்தாலும் மாய்வான் என்ற நிலை. அமெரிக்கர் ஜஸ்ரின் வொங்கின் சன்-லி தொடுத்த பதினைந்து உதைகளையும் உமெஹறா ஒவ்வொன்றாகப் ‘பரி’ செய்து, அவ்வீச்சிலேயே வென்றார். கூட்டம் ஆர்ப்பரிக்கும் ஒலியுடன் கூடிய அந்தப் படப்பதிவை இலட்சக்கணக்கானோர் கண்டனர். அவ்வாண்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் உமெஹறா தோல்வியுற்றார் என்பதை நினைவில் வைத்திருப்போர் மிகச்சிலரே.

யொஷினோறி ஒனோவின் முயற்சியால் நான்காம் பாகம் 2008 இல் வெளிவந்தபோது அது பழைய எண்மரையும் மீட்டுக்கொணர்ந்தது. முப்பரிமாண உருவங்கள் ஒரே தளத்தில் நின்று பொருதின. 2016 இன் ஐந்தாம் பாகமோ விளையாட்டு நிலையங்களை விடுத்து வீட்டுப் பொறிக்கும் கணினிக்கும் நேரடியாக வந்தது. தனியே ஆடுவோர்க்குரிய வழமையான பகுதி கூட இல்லாது அரைகுறையாய் அதனை வெளியிட்டமை நிறுவனம் செய்த பெருந்தவறு. 2018 இலேயே அக்குறை நீங்கியது. அருகில் நின்ற எதிராளி இப்போது கடலுக்கு அப்பால் இருந்தான். இணையவழி ஆட்டத்தில் நேரும் தாமதத்துக்கு விடை கண்டவரும் ஓர் ஆட்டக்காரரே. ‘ஈவோ’ நிறுவுநருள் ஒருவரான ரொனி கனன், இரண்டாம் பாகத்தின் இணைய வடிவம் தந்த வெறுப்பினால், 2006 இற் புதிய முறையொன்றை ஆக்கினார். எதிராளி அடுத்து அமுக்கப்போவதைக் கணினி ஊகித்து ஆட்டத்தை நடத்தும். ஊகம் பிழைத்தாற் சில கணங்கள் பின்சென்று திருத்திக்கொள்ளும். ‘ஜீ.ஜீ.பி.ஓ.’ எனப்படும் அம்முறையின் அடிப்படைக் கருத்து இன்று இத்துறையில் நியமமாகியுள்ளது. 2023 யூனில் வெளியான ஆறாம் பாகத்தில், முன்னாளில் மறைபொருளாயிருந்த தாக்குதல்களை ஒரே பொத்தானால் நிகழ்த்தும் எளிய முறையும் இடம்பெற்றது. பயிற்சியின் மதிப்புக் குன்றும் என்போரும், வாயில் அகலும் என்போரும் இன்னும் வாதிடுகின்றனர். அதே ஆண்டில் ஹங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இத்தொடரின் ஐந்தாம் பாகத்தில் தங்கப் பதக்கம் பெற்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு வயது 44.

இத்தனைக்கும் பின்னர் மூலப் பொறிகளின் நிலை யாது என்ற வினா எஞ்சுகின்றது. திருட்டுப் பிரதிகளால் நொந்த கப்கொம், 1993 இன் ‘சுப்பர்’ பதிப்புத் தொடக்கம் தன் மின்சுற்றுப் பலகைகளிற் புதிய காவலொன்றை ஏற்படுத்தியது. நிரல் மறைகுறியீட்டில் எழுதப்பட்டது. அதைத் திறக்கும் சாவி ஒரு சிறு மின்கலத்தால் உயிரூட்டப்பட்ட நினைவகத்தில் வைக்கப்பட்டது. மின்கலம் தீர்ந்தாற் சாவி அழியும். பலகை பயனற்ற பொருளாகும். சேகரிப்போர் இதனைத் ‘தற்கொலை மின்கலம்’ என்றே அழைக்கின்றனர். செல்லுக்கும் தீக்கும் ஏடுகளை இழந்தோர் நாம். ஆயினும் ஏட்டை எழுதியவரே அதற்குள் செல்லை வைத்துத் தைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. தன்னார்வலர் சிலர் பல்லாண்டு முயன்று 2007 இல் அம்மறைகுறியீட்டின் முறையை முழுமையாக விடுவித்தனர். அவர்களின் செயல் சட்டத்தின் விளிம்பில் நின்றதாகச் சொல்வோர் உளர். 2018 இற் கப்கொம் தன் பழைய ஆக்கங்களுட் பன்னிரண்டைத் தொகுத்து வெளியிட்டது. அத்தொகுப்பில் இடம்பெறாத கள்ளப் பிரதியான ‘வானவில்’ பதிப்பை இன்று காண விரும்புவோர், தனியார் சேமித்து வைத்துள்ள நகல்களையே நாடவேண்டியுள்ளது.